எரிநட்சத்திரத்திற்குப் பெருக்கல் குறி போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டார அறிவியல் புதிர்ப்போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இம்மடல் எந்தக் கேள்வியைப் பற்றியது என்பது தங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி நாங்கள் அனுப்பிய கடிதத்திற்குக் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒற்றை வரியும் ஒரு முத்திரையும் பதிலாக வந்தன. கவனத்தில் கொண்டவர்கள் விடையைத் திருத்தியதாகத் தெரியவில்லை. ஆகவே, நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

இரவு வானில் சில நொடிகள் ஒளிக்கோடாய்த் தோன்றி மறைவது எது என்பது கேள்வி. எங்கள் தோட்டத்து மாணவி எரிநட்சத்திரம் என்றாள். தங்கள் விடைத்தாள் வால்மீன் என்றது. அவள் காரணம் சொல்ல வாயெடுத்தபோது, மேலிடத்திலிருந்து வந்த விடையே இறுதியானது என்று நடுவர் மணியை அடித்துவிட்டார். வானத்தைப் பற்றிய கேள்விக்கு வானத்தைவிட மேலான அந்த இடம் எது என்று அன்று அங்கே யாரும் கேட்கவில்லை.

வால்மீன் என்பது பனியும் தூசும் பாறையும் கலந்து, கிலோமீட்டர் கணக்கில் அகலமுள்ள ஒரு பொருள். அது சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, வால் நீள்கிறது. நாள்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், விண்மீன்களுக்கிடையே மெல்ல இடம் மாறுவதைப் பார்க்கலாம். 1997-இல் ஹேல்-பாப் அப்படித்தான் தெரிந்தது. ஹேலி வால்மீனோ ஏறக்குறைய 76 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது; 1986-இல் வந்து போனது, இனி 2061-இல்தான் வரும். எரிநட்சத்திரம் வேறு. பெரும்பாலும் மணல் துகளளவே உள்ள ஒன்று நொடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்திற்குள் பாய்ந்து, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்வதால் உண்டாகும் ஒளி அது. எரிந்தது போக மிச்சம் தரையில் விழுந்தால் அது விண்கல். சிறுகோள்களோ பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றிவரும் பாறைகளும் உலோகக் கட்டிகளும் ஆகும். தங்கள் விடைப்படி பார்த்தால் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் மேல் இரவுதோறும் வால்மீன்கள் விழுந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றே ஒன்று விழுந்திருந்தாலும் விடைத்தாளைத் திருத்த இங்கே ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

போன புள்ளிகள் போகட்டும். அந்தப் பிள்ளையின் தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். அன்றைய நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வேன் வாடகையில் தம் பங்கையும் கொடுத்து மகளை அழைத்து வந்தார். அதைக்கூட அவர் பெரிதாக எண்ணவில்லை. எனக்குப் பொறுக்காதது அதற்குப் பின் நடந்ததுதான். போட்டிக் கேள்விகளும் விடைகளும் பயிற்றியாக, அதாவது பயிற்சி நூலாக, அச்சாகிப் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. தோட்ட மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்தும் என்னிடம் அவள் தன் பயிற்றியைக் கொண்டுவந்து காட்டினாள். கோடிட்ட இடத்தில் 'வால்மீன்' என்று பேனாவால் எழுதியிருந்தாள். அதன் கீழே, ஆசிரியர் கண்ணில் படாதபடி, பென்சிலால் பொடி எழுத்தில் 'எரிநட்சத்திரம்' என்றிருந்தது. "சார், சோதனைக்கு எதை எழுதட்டும்?" என்று கேட்டாள். நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு உடனே பதில் வரவில்லை. புள்ளி வேண்டுமானால் பொய்யை எழுது என்று சொல்ல நான் ஆசிரியப் பணிக்கு வரவில்லை. உண்மையை எழுதிவிட்டு மறுபடியும் பெருக்கல் குறி வாங்கிக்கொள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் பதிலைத் தாங்கள்தான் தர வேண்டும்: விடையைத் திருத்தி, பயிற்றி சென்ற எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

அதே பயிற்றியில், வால்மீனின் வால் எப்போதும் அது செல்லும் திசைக்குப் பின்னால் இருக்கும் என்பதற்குச் 'சரி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். ஆகவே சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னே செல்லும். இதையும் சேர்த்தே திருத்துங்கள்.

இது சின்ன விஷயம், இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு மேலே, ஏறக்குறைய 20 மீட்டர் அளவுள்ள சிறுகோள் ஒன்று காற்றில் வெடித்தது. ஒளியைக் கண்டவர்கள் என்னவென்று பார்க்கச் சன்னலருகே ஓடினார்கள். ஓரிரு நிமிடம் கழித்து வந்து சேர்ந்த அதிர்வலையில் சன்னல்கள் நொறுங்கின. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பலரைக் கிழித்தது கண்ணாடிதான். ஒளி முந்தும், அதிர்வு பிந்தும் என்பதைப் பள்ளியில் சரியாகக் கற்றவன் சன்னலை விட்டு விலகி நின்றிருப்பான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? கோலகங்சாரைத் தாண்டி வடக்கே போனால் லெங்கோங். அங்குள்ள புக்கிட் புனோவில், விண்கல் மோதலில் உருவான பாறைகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். 2012-இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இதைக் காட்டப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போகப் பணமில்லை என்பார்கள். தவறான விடையை வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட மட்டும் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது. 2021-இல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை நீக்கியபோது, மனப்பாடம் ஒழிந்தது, இனிப் பிள்ளைகள் சிந்திப்பார்கள் என்று மேடைக்கு மேடை பேசினோம். சிந்தித்த பிள்ளைக்குத்தான் மணி அடிக்கப்பட்டது. முன்பு பால்மரம் வெட்ட விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன பாட்டிமார்களைக் கேட்டிருந்தாலும் சரியான விடை கிடைத்திருக்கும். நள்ளிரவுக்குப் பின் நாமிருக்கும் பக்கம் பூமி முன்னேறும் திசையை நோக்கித் திரும்புவதால் அந்த நேரத்தில்தான் எரிநட்சத்திரங்கள் மிகுதி. அவர்கள் அவற்றைக் கண்ணாரக் கண்டவர்கள்.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. வேண்டுகோள் ஒன்றுதான்: ஆண்டிறுதிச் சோதனைக்கு முன் விடையைத் திருத்தி, எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நடுவர் பெயரையும் குறிப்பிட வேண்டியதில்லை. தங்களுக்கு வேலைப்பளு மிகுதி என்பதால் திருத்தத்தை நானே எழுதித் தருகிறேன்: "சில நொடிகள் ஒளிக்கோடாய்த் தோன்றி மறைவது எரிநட்சத்திரம், வால்மீன் அன்று. வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீளும். முன்பு தவறென்று குறிக்கப்பட்ட சரியான விடைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன." இதைத் தங்கள் கடிதத்தாளில் தட்டச்சு செய்து கையொப்பமிட்டு அனுப்பினால் போதும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.