நனைந்த நூல்களைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஏப்ரல் மழை எங்கள் சிறு நூலகத்தை என்ன செய்துவிட்டுப் போனது என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் விவரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கீழ்த்தட்டுகளில் இருந்த நூல்களில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது என்ற செய்தியை முதலில் சொல்லிவிட்டு, அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் நகரில் மீன்கடை நடத்தும் ஓர் அம்மையாருக்கு உரியது. தம் பெயரை எங்கும் குறிப்பிடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வட்டாரம் முழுவதும் அவரை அழைப்பதைப் போல நானும் ஆன்ட்டி என்றே குறிப்பிடுகிறேன். நனைந்த நூல்களில் இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். படங்கள் அச்சிட்ட வழவழப்பான தாள்களோ, ஈரம் உலர உலர ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உடனே உறைய வைத்துவிட்டால் பூஞ்சை வளராது. பிறகு சிறிது சிறிதாக எடுத்து நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். இந்த வழி எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மின்சாரமே சரிவர இல்லாத நேரத்தில் அத்தனை நூல்களை எங்கே கொண்டுபோய் உறைய வைப்பது என்று தெரியாமல் கலங்கி நின்றோம்.

எங்கள் நூலகத்துக்குள் அதுவரை ஒருமுறைகூட வந்திராத ஆன்ட்டி, யாரோ சொல்லக் கேட்டு, தாமாகவே வந்து நின்றார். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாட்கள் அவை. இந்நகரில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் வாரம் அது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வாரத்தில் அவர் தம் உறைபதன அறையில் பாதியைக் காலி செய்து, இருந்த சரக்கை வந்த விலைக்கு விற்று, ஜெனரேட்டரை ஓடவிட்டு எங்கள் நூல்களுக்கு இடம் தந்தார். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று, அவரும் அவர் கடைப் பையன்களும் எங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நூலையும் பிரிக்காமல் பையிலிட்டு, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி மீன்பெட்டிகளில் அடுக்கினார்கள். எந்தப் பெட்டி எந்தத் தட்டுக்கு உரியது என்று அட்டை எழுதிக் கட்டியதும் அவரே. வாடகை பற்றிப் பேச்செடுத்தபோது, “முதல்ல புஸ்தகத்தைக் காப்பாத்து தம்பி” என்று சொல்லி அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

அவர் காப்பாற்றியது என்ன என்பதை வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் நன்கு அறிவார்கள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று பெர்த்திலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, தங்கள் முன்னோர் எந்தக் கோயிலில் திருப்பணி செய்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று எங்களுக்கு எழுதிக் கேட்கிறார்கள். அவர்கள் வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல்களுக்கு மூலப்படி ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. எங்களிடம் இருப்பது நகல்தான். கோயில் விழா மலர்கள், பள்ளி ஆண்டிதழ்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றின் நிலை அதுவன்று. பெரும்பாலும் ஆங்கிலத்தில், உள்ளூர் அச்சகங்களில், சில நூறு படிகள் மட்டுமே அச்சிடப்பட்ட அவற்றில் சில, எனக்குத் தெரிந்தவரை, வேறு எங்கும் இல்லை. படங்கள் நிறைந்த அந்த மலர்களே முதலில் ஒட்டிப் பாழாகியிருக்க வேண்டியவை. அவற்றை முதலில் உள்ளே வைக்கச் சொன்னோம். ஆன்ட்டி குளிர் மிகுந்த மூலையில் வைத்தார்.

சேற்றை அள்ளிய இளைஞர்கள், மின்விசிறி இரவல் தந்த குடும்பங்கள், உலர்த்தக் கூடம் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தினர், தாளுக்குத் தாள் உறிஞ்சுதாள் வைத்துக்கொண்டு இன்றும் எங்களோடு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், எல்லோருக்கும் எங்கள் வணக்கம். நாங்கள் முன்பு அனுப்பிய நகல்களைத் தேடி எடுத்து, அழிந்த பக்கங்களுக்கு ஈடாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு வாசகர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று எங்களுக்கே தோன்றவில்லை.

இனி முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு நூலும் வைக்க மாட்டோம். ஒரே படியாக உள்ளவற்றை முதலில் படமெடுத்து, நாடு கடந்து குறைந்தது இரண்டு இடங்களிலாவது சேமித்து வைப்போம். ஆன்ட்டியின் அறையில் இன்னும் சில பெட்டிகள் உள்ளன. வாரம் ஒரு பெட்டி என்ற கணக்கில் எடுத்து வருகிறோம். அவை முடியும்வரை உங்கள் கடிதங்களுக்குப் பதில் தாமதமாகலாம். ஆனால் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். பதில் கட்டாயம் வரும்.

நன்றியுடன்,
நூலகப் பொறுப்பாளர், டர்பன்