எக்ஸ்சேஞ்ச் என்றால் ஓட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொலைபேசிக் கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘இவற்றை ஓட வைத்துக் காட்ட வேண்டியதில்லை, கண்ணாடிப் பெட்டியில் ஒன்றிரண்டு வைத்தால் போதும்’ என்று ஒரு வரி வருகிறதே, அதை எழுதியவர், போன் லைன்களை ஒன்றோடொன்று இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் ஓடும்போது அதற்குள் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். நான் அதற்குள்ளேயே வேலை பார்த்து நரைத்தவன். மனது கேட்காமல்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஸ்ட்ரௌஜர் என்ற பழைய இயந்திர வகை எக்ஸ்சேஞ்சில், டயலில் 5-ஐச் சுழற்றினால், லைனைத் தேர்ந்து இணைக்கும் சுவிட்சான செலக்டரின் தண்டு டக்டக்கென்று ஐந்து படி ஏறும். அப்புறம் தானே பக்கவாட்டில் திரும்பி, சும்மா இருக்கிற அடுத்த செலக்டரைத் தேடிப் பிடிக்கும். கடைசி செலக்டரில் மட்டும் ஏற்றம் ஓர் எண்ணுக்கு, திருப்பம் அடுத்த எண்ணுக்கு. பத்துக்குப் பத்து, நூறு இணைப்பு. எல்லாம் கண்ணெதிரே நடக்கும். யாருக்காவது மிரட்டல் போன் வந்தால், லைன் அறுவதற்குள் செலக்டர்கள் அடுக்கிய ரேக் ரேக்காக ஓடி, எது எதைப் பிடித்திருக்கிறது என்று பின்னாலேயே பார்த்துப் போய், கூப்பிட்டவர் எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறோம். அதே செலக்டரை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்தால் வெறும் இரும்புத் துண்டு. கட்டுரையாளர் கண்ணில் பட்டதும் அதுதான்.

ரயிலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? 1855-ஐச் சேர்ந்த இ.ஐ.ஆர்.-21 நீராவி எஞ்சினைப் பெரம்பூரில் சீர்செய்து 2010-ல் ஓட விட்டார்கள். கண்ணாடிக்குள் வைத்தால் போதும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சென்னைக்கு எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில், எர்ரபாலு செட்டித் தெருவில், 17 சந்தாதாரர்களோடு. அத்தனை பழைய சரித்திரம் உள்ள ஊரில், ஒரு பையன் டயலைச் சுழற்றி அடுத்த மேசையில் மணி அடிக்க வைத்துப் பார்க்க ஓர் இடம் உண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ‘போன் செத்துக் கிடக்கிறது, ஊழியர்கள் தூங்குகிறார்கள்’ என்று இதே கடிதப் பகுதியில் எத்தனை வந்தன! மழைத்தண்ணீர் இறங்கிய கேபிளை ராத்திரியெல்லாம் குழிக்குள் உட்கார்ந்து, கம்பிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்தவர்களைப் பற்றி ஒரு வரி வந்ததுண்டா? டிஜிட்டல் வந்ததும் எங்கள் எக்ஸ்சேஞ்சில் ரேக்குகளை ரம்பம் போட்டு அறுத்து, எடை போட்டுக் காயலான் கடைக்கு ஏற்றினார்கள். ஒரே ஒரு ரேக்கையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டோம். இடத்தை அடைக்கும் என்றார்கள். அந்த ஹால் பல வருஷம் காலியாகவே கிடந்தது.

இடமும் ஆளும் கிடைக்காது என்பதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் பேனல், கிராஸ்பார் என்ற பழைய வகை எக்ஸ்சேஞ்சுகளைத் தன்னார்வலர்களே பழுதுபார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் டயல் செய்யலாம். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். இரண்டு ரேக், 50 வோல்ட் பேட்டரி, நாலு போன் போதும். ஆனால் மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, ஸ்பிரிங்கை வளைத்துச் சரிசெய்யத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகளுக்கெல்லாம் இப்போது எழுபது வயதுக்கு மேல். புத்தகம் பார்த்துப் பழகுகிற வேலை இல்லை இது. நாங்கள் இருக்கும்போதே இளைஞர்கள் நாலு பேர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.

வரைபடம், செலக்டர், ரிலே, டயல் போன் என்று எதையாவது வீட்டில் வைத்திருக்கும் பழைய ஊழியர்கள் உங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடும்படி அடுத்த இதழில் சின்னதாக ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். வருகிற கார்டுகளை எனக்கு அனுப்பினால், அவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது என் பொறுப்பு.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற டெலிபோன் டெக்னீஷியன்,
கும்பகோணம்.