மாயாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு, கொஞ்சம் பிந்திய ஒரு நன்றி மடல்

கலா அன்ரிக்கும், லண்டன் மிட்சம் (Mitcham) தொடர்மாடியில் பாட்டைச் சத்தமாகப் போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஜஸ்டின் ஃபிரிஷ்மனுக்கும், பெக்வே தீவின் தேவாலயத்து ஆட்களுக்கும், சென்னையில் உருமி அடித்த அண்ணாமாருக்கும், இன்னும் பெயர் தெரியாத பலருக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நான் பாட்டுக்காரி இல்லை, பாட்டுக்காரிக்குச் சொந்தக்காரியும் இல்லை. சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, அம்மாவின் தையல் மெஷின் சத்தத்துக்குள் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள், அவ்வளவுதான். போன மாதம் என் பெறாமகள், பதினான்கு வயது, போனில் எம்.ஐ.ஏ. பாடிய 'பேப்பர் பிளேன்ஸ்' போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது பாடுகிற ஆள் எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றேன். நம்பவில்லை. உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னேன், சொல்லி முடித்தபோது "அப்ப தனியாவே இவ்வளவும் செய்தவவா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது உண்மை இல்லை. அன்றிரவு படுக்கையில் யோசித்துப் பார்க்கப் பார்க்க, அவளுக்குக் கை கொடுத்தவர்கள் வரிசை நீண்டுகொண்டே போனது, எங்கள் சனத்தில் யாரும் உங்களுக்கு ஒரு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதுதான் இந்த மடல்.

(எம்.ஐ.ஏ., அதாவது மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் மனதில் 'அவள்' என்றே வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் கலா அன்ரி, உங்களுக்கு. உங்கள் மகள் 1975இல் லண்டனில் பிறந்து ஆறு மாதத்தில் ஊருக்குப் போனாள், அங்கே சண்டை, இடையில் கொஞ்சக் காலம் மெட்ராஸில் ஒரு பாழடைந்த வீட்டில் அரை வயிற்றுச் சாப்பாடு, திரும்ப யாழ்ப்பாணம். இயக்கத்தில் இருந்த கணவர் எப்போதாவது வந்துபோவார், பாதுகாப்புக்காக அவரை மாமா என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களாம். 1986இல் மாயாவின் 11ஆவது பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது மூன்று பிள்ளைகளோடு அகதியாக லண்டன் வந்து இறங்கினீர்கள். மிட்சமில் பிப்ஸ் பிரிட்ஜ் தொடர்மாடியில் வீடு கிடைத்தது. அங்கே ஆசியக் குடும்பங்கள் அப்போது மொத்தமே இரண்டுதானாம். ஆங்கிலம் வராத ஒரு அம்மாவுக்கு அந்த நாளில் இந்த ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மாவும் அதைத்தான் செய்தார். பாவாடைக்கு சிப் வைத்துத் தைத்துக் கொடுத்தால் ஒரு பாவாடைக்கு இத்தனை பென்ஸ் என்று கணக்கு, மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் அடுத்த மூட்டை வராது. கார்ப்பெட்டில் கலர் கலராக நூல் துண்டு ஒட்டிக்கிடக்கும், பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது எங்கள் சொக்ஸிலும் அது வரும். நீங்கள் தைத்தது பாவாடை இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரே, உங்கள் பெயர் எங்கும் இல்லை. மாயா பேட்டிகளில் சொன்ன கதை இது: ஆங்கிலம் பழகவும் பொழுது போகவும் அவளிடம் இருந்தது ஒரு ரேடியோ, அதில் வந்த மடோனா வகைப் பாட்டுகள். அந்த ரேடியோவை யாரோ களவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரேடியோ இல்லாத அறையில் படுத்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடித்த ஹிப்ஹாப்தான் அவள் காதில் விழுந்தது. பப்ளிக் எனிமி, என்.டபிள்யூ.ஏ. என்ற குழுக்களின் அந்தப் பாட்டுகளில் வந்த சொற்கள் அவளுக்கு அப்போது பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் கோபம் விளங்கியிருக்கும், அதற்கு அகராதி தேவையில்லையே. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார், அவர் பாட்டைப் போட்டால் அப்பா துடைப்பக்கட்டையால் சுவரில் இடிப்பார். நல்லவேளை, கலா அன்ரி இடிக்கவில்லை. ரேடியோ திருடிய மகராசனுக்கும் ஒரு நன்றி போட்டுவிடலாமா என்று யோசித்தேன். சரி, போடுகிறேன்.

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் முறையாக விண்ணப்பமே போடாத ஒரு பெட்டை தொலைபேசியில் அரித்த அரிப்பைத் தாங்காமல் இடம் கொடுத்தீர்களே, அந்தப் புண்ணியவானோ புண்ணியவதியோ, உங்களுக்கும். அங்கே ஓவியமும் படமெடுப்பும் படித்து 2000இல் வெளியே வந்தாள். கூடப் படித்த ஸ்டீவ் லவ்ரிட்ஜ், அவள் இருபது சொச்சம் வயதிலிருந்து எடுத்துக் குவித்த வீடியோ நாடாக்களை வருடக்கணக்காக வைத்து மல்லுக்கட்டி, இடையில் வெறுத்துப் போய் விட்டுவிட்டு, பிறகு திரும்பி வந்து 2018இல் ஒரு ஆவணப்படமாக முடித்தீர்கள். அதில் ஊரில் இருக்கும் அம்மம்மாவைப் பார்த்து நான் அழுதேன். என் அம்மம்மாவின் வீடியோ எங்களிடம் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஜஸ்டின், உங்களுக்குப் பெரிய நன்றி. எலாஸ்டிகா என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு இசைக்குழுவின் பாடகி நீங்கள். 2000இல் வந்த உங்கள் இசைத்தட்டின் அட்டைக்குப் படம் செய்தவள், உங்களோடு அமெரிக்கப் பயணத்துக்கு வீடியோ எடுக்க வந்தவள், அவ்வளவுதான் மாயா. அந்தப் பயணத்தில் முன்னால் பாட வந்த பீச்சஸ், ரோலண்ட் எம்.சி.505 என்ற பெட்டியை அவளுக்குக் காட்டி, நீயே செய்து பாரேன் என்று உசுப்பிவிட்டார். மேசையில் வைக்கிற பெட்டி, தாளமும் பேஸும் அதற்குள்ளேயே இருக்கும், பொத்தானைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான், சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை, கூட வாசிக்க நாலு பேர் தேவையில்லை. வீட்டிலிருந்து தைக்கிற பெண்ணுக்கு மெஷின் மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டன் திரும்பியதும் அந்தப் பெட்டியையும் பழைய நாலு டிராக் டேப் மெஷின் ஒன்றையும் உங்கள் வீட்டில் வைத்தே அவளைத் தட்ட விட்டீர்கள். ஆறு பாட்டு வந்தது. அதில் ஒன்று 'கலாங்'. நீங்கள் பாட்டுக்காரி, 'கலாங்' எழுதியவர்களில் உங்கள் பெயரும் இருக்கிறது. ஆனாலும் சாமானைக் கொடுத்து, முன்னால் அவளையே நிற்க விட்டீர்கள். எங்கள் சனத்தில் உதவி செய்தவர்களுக்கு வராத குணம் அது, நாங்கள் ஒரு வேலை எடுத்துக் கொடுத்தால் பத்து வருடம் சொல்லிக்காட்டுவோம்.

பெக்வே தேவாலயத்து ஆட்களே, உங்களைப் பற்றி வாசித்தபோது நான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜஸ்டினோடு அந்தக் கரீபியன் தீவுக்கு வந்தவள், இரவில் ஒரு கோழிக்கூட்டுக் கொட்டகையில் பெரிய ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற பாட்டுக்குத் தெருவில் ஆடியிருக்கிறாள். பகலில் நீங்கள் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அங்கே எல்லோரும் கை தட்ட, இவளுக்குத் தாளம் பிடிபடவில்லை. ராத்திரி நன்றாகத்தானே ஆடினாய், இப்போது என்ன வந்தது என்று கேட்டு, பூசையையே நிறுத்திவிட்டு, ஒழுங்காகக் கை தட்டச் சொல்லிக்கொடுத்தீர்களாமே! அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். எனக்கு எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பிள்ளை தாளம் பிசகினால் ஐயர் பூசையை நிறுத்தமாட்டார், அந்தப் பிள்ளையின் அம்மாவைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

'கலாங்' 2003இல் ஐந்நூறே ஐந்நூறு தட்டுகளாக வந்தது. அதை வாங்கிக்கொண்டுபோய் இரவு விடுதிகளில் சுழற்றிய டி.ஜே.மாருக்கும், கேட்டுவிட்டு ஒப்பந்தம் போட்ட எக்ஸ்.எல். இசைக் கம்பனிக்காரர்களுக்கும், கூடச் சேர்ந்து பாட்டுச் செய்த டிப்ளோவுக்கும் சுவிட்சுக்கும் ஒரு பொது நன்றி, உங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2005இல் முதல் இசைத்தட்டுக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்' என்று வைத்தாள், எங்கோ இருந்த அப்பா அதைப் பார்த்துத் தொடர்புகொள்ளட்டும் என்று. அவரும் கொண்டார், பெருமையாக இருக்கிறது, ஆனால் பெயரை மாற்று என்று! அவள் மாற்றவில்லை. இரண்டாவதுக்கு 'கலா'. அதற்குள் அமெரிக்க விசாச் சிக்கல், அங்கே போய்ப் பதிவு செய்யவேண்டியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தாள். அந்த நேரத்தில் சென்னையில் ஸ்டூடியோவைத் திறந்துவிட்ட ஏ.ஆர். ரஹ்மானுக்கு நன்றி. உருமி மேளக்கார அண்ணாமாரே, ரஹ்மானுக்குச் சொல்வதைவிட ஒரு பிடி கூட உங்களுக்கு. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அந்த உருமி உறுமுகிற இடத்தை ஒரு தடவை நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். சாவுவீட்டுக்கும் கோயில் கொடைக்கும் கூப்பிட்டு, முடிந்ததும் வாசலில் நிற்கவைத்துக் காசு கொடுக்கிற கருவி அது. லண்டன், நியூயோர்க் என்று இளசுகள் அதற்கு ஆடினார்கள்.

இனி எங்கள் கதை. நாங்கள், லண்டன் தமிழ்ச் சனம், என்ன செய்தோம்? ஏசினோம். இதுவா பாட்டு, இதுவா உடுப்பு, கத்துகிறாள், வளர்த்த லட்சணம் என்று கலியாண வீட்டு மேசைகளில் கதைத்தோம். நானும் சிரித்திருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது. அதை நிறுத்தியது 2009 மாசி. வன்னியில் செல்லடி. எங்கள் வீட்டில் போன் அடித்தாலே நெஞ்சு திக்கென்னும், சமைத்தது சமைத்தபடி கிடக்கும். அந்த நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போயிருந்து, அங்கே சனம் சாகிறது என்று சொன்ன ஒரே ஒரு முகம் அவளுடையதாகத்தான் எனக்குத் தெரிந்தது. முந்தின வருடம் ஒரு படத்தின் டிரெய்லரில் வந்ததால் 'பேப்பர் பிளேன்ஸ்' ஏறி, பில்போர்டில் நாலாம் இடம் வரை போயிருந்தது, அதனால்தான் அவளுக்கு அந்தக் கதிரை கிடைத்தது. பிப்ரவரி 8, கிராமி மேடை. பிள்ளை பிறக்க டாக்டர்கள் குறித்த அதே நாளில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கறுப்பு வெள்ளை உடுப்பில், ஜே-சி, கான்யே, லில் வெய்ன், டி.ஐ. என்று நாலு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஆடினாள். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. அன்று அம்மா சமையலறையிலிருந்து வந்து ரீவிக்கு முன்னால் நின்று, "ஐயோ, ஆராவது அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லுங்கோ" என்றார். எங்கள் வீட்டில் அவளைப் 'பிள்ளை' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் பிறகு சொன்னதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. தடுப்பூசி பற்றிக் கதைத்தபோது ரீவியோடு சண்டை பிடித்தேன். அது வேறு, இது வேறு.

கலா அன்ரி, தையல் கதைக்கு வருகிறேன். 2019இல் அவளுக்கு எம்.பி.ஈ. என்ற பிரித்தானிய அரச பதக்கம் அறிவித்தபோது, வாங்குவாளா மாட்டாளா என்று இங்கே ஒரே வாக்குவாதம். அம்மாவுக்காக வாங்குகிறேன் என்றாள். அகதியாக வந்த அம்மாவுக்குக் கிடைத்த கைவேலை, மகாராணி கொடுக்கிற அந்தப் பதக்கங்களைத்தான் ஆயிரக்கணக்கில் கையால் தைப்பது என்று சொன்னாள். நான் அதை வாசித்துவிட்டு வேலையிடத்துக் கழிவறைக்குள் போய் நின்றேன்.

2020 ஜனவரியில் அவள் பதக்கத்தோடு நிற்கிற படம் வந்தது. அம்மாவுக்கு போனில் காட்டினேன். றோஸ் நாடா, ஓரத்தில் சாம்பல் நிறம். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மாயாவின் முகத்தைத் தாண்டி நாடா மடிகிற இடத்தில் போய் நின்றார். கனநேரம் பார்த்தார்.

"கைத்தையல்தான்," என்றார்.

அன்புடன்,
தென் லண்டனிலிருந்து ஒரு தையல்காரியின் மகள்