கண்டெய்னர் லாரிகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வடசென்னையில் டீசல் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம்தான் பட்டறையும் வீடும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் புகை பற்றி எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வாகனப் புகை விதி வந்துவிட்டது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது. கனரக எஞ்சின்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவின் வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமாக இருந்தது 0.4 ஆனது. இதற்காகவே இரண்டு சாதனங்களைப் பொருத்துகிறார்கள். ஒன்று, கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. மற்றது எஸ்.சி.ஆர்.; இது யூரியா கரைசலைத் தெளித்து, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும்.

இரண்டுக்கும் சூடு வேண்டும். எஸ்.சி.ஆர். ஒழுங்காக வேலை செய்ய 200 டிகிரிக்கு மேல். டி.பி.எஃப்.பில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்கு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு தானாகக் கிடைக்கும். மணலியிலோ மாதவரத்திலோ கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுக ஜீரோ கேட்டுக்கு வரும் டிரெய்லருக்கு எங்கே கிடைக்கும்? எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது, பத்தடி நகர்கிறது, மறுபடி நிற்கிறது. கரி சேர்ந்துகொண்டே போகும். தெளித்த யூரியாவும் ஆவியாகாமல் படிந்துவிடும். அப்படி வந்த வண்டியில் யூரியா தெளிக்கும் நாசிலைக் கழற்றினால், வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கெட்டிப்பட்டு அடைத்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் டாஷ்போர்டில் விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, டிரைவர் வரிசை நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் கரியை எரிக்கலாம் என்றால், அந்தச் சாலையில் ஓரம் ஏது?

அப்புறம் என்ன நடக்கும்? யூரியா தெளிப்பதாக எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பொய்த் தகவல் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டுகிறார்கள். டி.பி.எஃப்.பின் உள்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரையும் மாற்றுகிறார்கள். என்னிடமும் கேட்டு வருகிறார்கள். நான் செய்வதில்லை, ஆனால் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. உரிமையாளர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நடை தவறினால் அன்றைய வாடகையே போய்விடும்.

புகைச் சோதனை இதையெல்லாம் பிடிக்காது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, சைலன்சரில் குழாயை விட்டுப் புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறோம். நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கருவியின் கணக்கிலேயே வராது. யூரியாவை அடியோடு நிறுத்திய லாரிக்கும் சான்றிதழ் கிடைக்கும். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் டி.பி.எஃப். இல்லாத வண்டிகூடத் தப்பிக்கலாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது இந்த லாரிகளுக்கு நடுவில்தான்.

ஆகவே ஐயா, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வரும் ஒவ்வொரு பி.எஸ்.6 லாரியிலும், எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டி.பி.எஃப்.பின் அழுத்த சென்சார் குழாய்கள் இருக்கின்றனவா, உறையில் புது வெல்டிங் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். யூரியா பில்லையும் கேளுங்கள். எஞ்சினைப் பொறுத்து, நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஆறு லிட்டர் யூரியா செலவாக வேண்டும். மாதக்கணக்காக வாங்கவே இல்லை என்றால் வேறு சாட்சி தேவையில்லை. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் தண்டனை இருக்கிறது. அந்தப் பொய்த் தகவல் பெட்டியை விற்பவர்கள் மீதும் கை வைத்தால்தான் இது நிற்கும்.

துறைமுக நிர்வாகத்தோடும் பேசுங்கள். வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கி உள்ளே விடட்டும். கேட்டுக்கு முன்னால் கரி எரிக்க ஓர் இடம் கொடுக்கட்டும். வரிசை குறையாமல் அபராதம் மட்டும் ஏறினால், பெட்டி விற்பவர்கள் விலையைத்தான் ஏற்றுவார்கள்.

சி.என்.ஜி.க்கு மாறினால் போதும் என்பவர்கள் உண்டு. கரி மிகக் குறைவுதான், சரி. ஆனால் எரியாத மீத்தேன் வெளியே வரும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெட்டால் நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும். அதற்கும் இதே கண்காணிப்பு வேண்டும். கண்டெய்னர் யார்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான குறுகிய ஓட்டத்துக்கு மின்சார டிரெய்லரே பொருத்தம். நின்று நின்று போவது மோட்டாரைக் கெடுக்காது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை அரசே இறக்கியது. அதே வட்டாரத்தில் லாரிகளுக்கும் சார்ஜிங் இடம் ஒதுக்கலாம்.

ஸ்கேனரில் எந்த அளவைப் பார்ப்பது, வெட்டிய டி.பி.எஃப்.பை எப்படி அடையாளம் காண்பது என்று உங்கள் ஆய்வாளர்களுக்குக் காட்டித் தர என்னைப் போன்ற மெக்கானிக்குகள் தயார். கூலி வேண்டாம். எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
வடசென்னை டீசல் மெக்கானிக் ஒருவர்