கோத்தகிரியில் ஐந்து சென்ட்

அன்புள்ள பழனிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தோட்டத்தில் கவாத்து வேலை, ஆளும் கிடைக்கவில்லை, அதனால்தான் தாமதம். மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோத்தகிரி பக்கம் ஐந்து சென்ட் பார், ரிட்டயர் ஆனதும் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ பக்கத்தில் வந்து இருப்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கல்லூரி நாட்களில் எங்கள் ஊருக்கு, இந்தப் படுகர் ஹட்டிக்கு வந்தபோது கீழே சோலைக்குள் ஊற்றில் தண்ணீர் குடித்துப் பல் கூசுகிறது என்று கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது பிப்ரவரி வந்தால் அந்த ஊற்று நின்றுவிடுகிறது. போன கோடையில் ஹட்டிக்கே லாரியில் தண்ணீர் வாங்கினோம். ஊற்றுக்கு மேலே இருந்த சரிவை வெட்டி மனை போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் போர்வெல் போட்டிருக்கிறார்கள், பாதி வீடுகள் சனி ஞாயிறு தவிரப் பூட்டியே கிடக்கின்றன. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல், பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் என்று ஒவ்வொருவராக விற்றார்கள், அதில் என் சித்தப்பாவும் ஒருவர்.

கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும், நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தப் பச்சையில் தேயிலை எவ்வளவு, கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் எவ்வளவு, சீகை என்கிற வாட்டில் மரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்த மலையின் சொந்தக் காடு மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்கும் சோலையும், அதைச் சுற்றிச் சரிவெங்கும் இருந்த புல்வெளியும்தான். புல்லும் சோலையும் மழையையும் மூடுபனியையும் வாங்கி மண்ணுக்குள் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதனால்தான் மழையில்லாத மாதங்களிலும் ஓடையில் தண்ணீர் இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்வெளி தரிசு நிலமாகத் தெரிந்தது. 1840-களில் விறகுக்கு என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கமே ஆலைகளுக்காக இன்னும் பெரிய அளவில் நட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடமெல்லாம் அதில் போயிற்று. இன்று சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை திரும்ப முளைத்துக்கொண்டே இருக்கிறது. வெயில் விழும் இடத்தில் உண்ணிச்செடி ஆள் நுழைய முடியாதபடி மண்டிவிடுகிறது, மான் மேயப் புல் இல்லை. காட்டெருமை தேயிலைக்குள் நிற்கிறது, கரடி ராத்திரியில் வீதிக்கு வருகிறது. வந்து என்ன செய்யும், அதற்கும் போக்கிடம் வேண்டுமே.

மண்ணைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழை, சரிவை நட்டுக்குத்தலாக வெட்டி ஓடையை மூடி வீடு கட்டிய இடத்தில் பெய்தால் என்ன ஆகும்? உனக்கு நான் ஐந்து சென்ட் பார்த்துக் கொடுத்தால், அதுவும் ஜேசிபி வைத்து வெட்டிய சரிவாகத்தான் இருக்கும். நீ அங்கே தூங்க நான் இங்கே எப்படித் தூங்குவேன்?

சுற்றுலா வண்டிகள் தனிக் கதை. ஹைகோர்ட்டு 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்கிற அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தது, 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று வரம்பும் போட்டது. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது, இருந்தாலும் அந்த வரம்பே அதிகம் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு பேருக்கும் தண்ணீரும் வேண்டும், கழிவு போக இடமும் வேண்டும், எல்லாம் இதே ஓடைகள்தான்.

இன்னொன்று. இந்த ஓடைகள்தான் மோயாறாகவும் பவானியாகவும் இறங்கி, கொடிவேரி அணையில் தேங்கி, தடப்பள்ளி வாய்க்கால் வழியாக உன் வயலுக்கு வருகின்றன. கோபியில் உனக்கு நெல் விளைகிற நிலம் இருக்கிறது பழனி, வீட்டை அங்கேயே கட்டு.

நான் என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். ஊற்றை ஒட்டியிருந்த கால் ஏக்கர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு விக்கி, நாவல் என்று சோலை மரக் கன்றுகள் நட்டிருக்கிறேன். சோலை மரம் வளர்வது ரொம்ப மெதுவு, மூன்று வருடத்தில் என் இடுப்பு உயரம்தான் வந்திருக்கிறது. பையனுக்கு அதில் வருமானம் போன வருத்தம் இருக்கிறது, ஆனால் களை எடுக்க அவன்தான் வருகிறான்.

வீடு வேண்டாம், நீ வா. மே மாதம் வேண்டாம், ஜனவரியில் வா. காரை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கு. ஜனவரியில் ஊற்றில் தண்ணீர் இருக்கும், இரண்டு பேரும் போய்க் குடித்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
போஜன்