எட்டுக்கால் பூச்சியை அடிக்கும் முன்

ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தி பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். அதன் பெண் சிலந்தியின் கடி கடும் வலி தரும் என்பது சரி. ஆனால் 1956இல் விஷமுறிவு மருந்து வந்தபின் அங்கே இறப்பு மிக அரிது என்பதையும் சேர்த்திருக்கலாம். செய்தி வந்த மறுநாளே எங்கள் பெரம்பூர் குடியிருப்பில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த எட்டுக்கால் பூச்சிகளைத் துடைப்பத்தால் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். பாவம், கரப்பான் பூச்சியைத் தின்று நமக்கு உதவி செய்தவை அவை!

பயம் வேறு தீங்கும் செய்கிறது. போன ஐப்பசி மழையில் என் பேரன் கையில் கொப்புளம் வந்தது. சிலந்திக் கடிதான் என்று எல்லோரும் சொல்ல, நானே சுண்ணாம்பு தடவினேன், தோல் வெந்துபோனது. அப்புறம் மருத்துவர் பார்த்து, அது வெறும் சீழ்க்கட்டி என்றார். இத்தகைய செய்திகளோடு சிலந்தியின் தெளிவான வண்ணப்படம், அது வாழும் நாடு, கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுப்பது, வலி பரவினால் உடனே மருத்துவமனைக்குப் போவது ஆகியவற்றையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை