18 மி.மீ. வார் பாக்கெட்டில் 16 மி.மீ. ஸ்பிரிங் பார்: உங்கள் பதிலை நான் ஏற்கவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: கடிகார வாரோடு வந்த ஸ்பிரிங் பாரின் (வாரைக் கடிகாரத்தோடு இணைக்கும், முனைகள் உள்ளே அமுங்கும் சிறு கம்பி) அளவுக் குறைபாடு, அதனால் ஏற்பட்ட சேதம்

வணக்கம்.

சென்ற மாதம் 14-ஆம் தேதி உங்கள் தேக்கா கடையில் 18 மி.மீ. பழுப்புத் தோல் வார் ஒன்றை 32 வெள்ளி 90 காசுக்கு வாங்கினேன். கடையில் இருந்த தம்பி தமிழிலேயே பொறுமையாகப் பேசினார். "வீட்டிலேயே மாட்டிக்கலாம் அக்கா, எல்லாம் உள்ளேயே இருக்கு" என்றார். பாக்கெட்டின் மேலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பாக்கெட்டுக்குள் இருந்த பொருளைப் பற்றியும், அப்புறம் சேதத்துக்கு நான் மாட்டியதே காரணம் என்று உங்கள் அலுவலகம் அனுப்பிய நான்கு வரி மின்னஞ்சலைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

கடிகாரம் என் அப்பாவுடையது. எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிற வகை. கல்யாணத்தில் அம்மா வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்டது. அதைக் கட்டிக்கொண்டுதான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தார். இன்றைக்கும் காலையில் பல் துலக்கியதும் முதல் வேலை அதற்குச் சாவி கொடுப்பது. இங்குள்ள புழுக்கத்தில் தோல் வார் நீண்ட நாள் தாங்காது. வியர்வையில் ஊறி விளிம்பு வெடித்துவிடும். இதுவரை எங்கள் புளோக்கின் கீழே கடை வைத்திருந்த சீனப் பெரியவர்தான் மாற்றித் தருவார். அவர் கடையை மூடிவிட்டார். அதனால் முதல் முறையாக நானே மாற்ற உட்கார்ந்தேன்.

அவசரப்படவில்லை. பார் துள்ளி விழுந்தால் தெரியட்டும் என்று சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தேன். வார் மாற்றும் கருவி வழுக்கினால் கீறல் விழக் கூடாதென்று கடிகாரத்தில் வார் மாட்டும் நான்கு காதுகளிலும் பேப்பர் டேப் ஒட்டினேன். கருவியின் பிளந்த முனையை வாருக்கும் காதுக்கும் நடுவே விட்டு, பாரின் தோள்பட்டையை (முனையருகே உள்ள விளிம்பை) உள்பக்கமாக அழுத்தியதும் பழைய வார் கழன்று வந்தது. பழைய பார்கள் இரண்டும் துருப்பிடித்து வளைந்திருந்தன. அதனால் நீங்கள் கொடுத்த புதிய பார்களையே போட்டேன். பக்கிள் உள்ள துண்டு 12 மணிப் பக்கம், ஓட்டை போட்ட நீளத் துண்டு 6 மணிப் பக்கம். 6 மணிப் பக்கம் 'டிக்' என்று சத்தம் கேட்டு உட்கார்ந்தது. 12 மணிப் பக்கம் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் இழுத்துப் பார்த்தபோது வரவில்லை. உங்கள் குறிப்புத்தாளில் "ஒரு முனையை வைத்து மறு முனையை அழுத்தி உள்ளே விடவும்" என்பதோடு சரி. சத்தம் கேட்காவிட்டால் என்ன பொருள் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

நான்காம் நாள், ஈசூன் எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்கு நின்றிருந்த அப்பா கையை உயர்த்தியதும் கடிகாரம் நழுவித் தரையில் விழுந்தது. மேல் கண்ணாடி 3 மணியிலிருந்து நடுவரை விரிசல் விட்டுவிட்டது. விநாடி முள் நின்றுவிட்டது. அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பல் துலக்கிவிட்டு வந்தவர், வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார். அதைப் பார்த்தபிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. நான்தான் சரியாக மாட்டவில்லை என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் அளந்து பார்த்தோம். விழுந்தபோதும் அந்தப் பார் வாரின் மடிப்புக்குள்ளேயே நின்றுவிட்டது நல்லதாய்ப் போயிற்று. என் தங்கை கணவர் பட்டறையில் வேலை செய்பவர், துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரோடு வந்தார். கடிகாரக் காதுகளின் இடைவெளி சரியாக 18 மி.மீ. 6 மணிப் பக்கத்துப் பார், முனைக்கு முனை 20.3 மி.மீ. 12 மணிப் பக்கத்தது 18.2 மி.மீ.தான். முனைகள் காதுகளின் குழிக்குள் இறங்க, பார் இடைவெளியைவிட நீளமாக இருக்க வேண்டும். இதுவோ குழிக்குள் பக்கத்துக்கு 0.1 மி.மீ. மட்டுமே இறங்கி நின்றிருக்கிறது. அது 16 மி.மீ. வாருக்குப் போடுகிற பார். ஒரே பாக்கெட்டில் இரண்டு அளவையும் கலந்து போட்டிருக்கிறீர்கள்.

இதை அளவோடும் படத்தோடும் எழுதி அனுப்பியதற்கு, "பயிற்சி இல்லாதவர் மாட்டியதால் வந்த சேதம், பயன்படுத்திய வாருக்கு மாற்று இல்லை" என்று பதில் அனுப்பினீர்கள். முப்பது வருடம் கடை நடத்தியவர் மாட்டினாலும் 18.2 மி.மீ. பார் 20 மி.மீ. ஆகாது. வீட்டிலேயே மாட்டலாம் என்று சொல்லி விற்ற பொருளை வீட்டில் மாட்டியதையே குற்றமாகச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும், லெமன் லா என்று எல்லாரும் சொல்லும் விதி இங்கே 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பொருளைக் கொடுத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. நான் வாங்கி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

கடிகாரத்தை இப்போது வேறொரு கடையில் ஓட வைத்துவிட்டார்கள். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட இந்திய அரசு 2016-லேயே முடிவெடுத்துவிட்டது. புதுக் கண்ணாடிக்கு எங்கே போவது? தன்னிடம் இருந்த பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டுத் தந்தார் அந்தக் கடைக்காரர். கூலியோடு 60 வெள்ளி. வாரின் விலையையும் சேர்த்து 92 வெள்ளி 90 காசை நீங்கள் திருப்பித் தர வேண்டும்.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது வேறு. அதே அலமாரியில் அதே பாக்கெட்டுகள் இன்னும் தொங்குகின்றன, போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவற்றைப் பிரித்து அளந்து பார்க்கும்வரை விற்பனையை நிறுத்துங்கள். குறிப்புத்தாளிலும், பார்கள் இரண்டையும் மாட்டும் முன் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'டிக்' சத்தம் கேட்காவிட்டால் கட்டிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேருங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் கொண்டுபோவேன். இரண்டு ரசீதுகள், காலிப்பரில் எடுத்த படங்கள், உங்கள் மின்னஞ்சலின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். இரண்டு பார்களையும் ஒரு சின்ன உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது நேரில் வந்தால் என் கண்முன்னேயே அளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்